நங்கூரம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது எப்படி

பாய்ப்படகில் நீண்ட பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் பாயைப் பற்றியும் காற்றைப் பற்றியும் மாதக்கணக்கில் படிக்கிறார்கள். நங்கூரம் என்று வந்தால் மட்டும், இரும்பைத் தண்ணீரில் போட வேண்டியதுதானே, அதில் படிக்க என்ன இருக்கிறது என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் க்ரூஸிங், அதாவது படகிலேயே தங்கி ஊர் ஊராகப் போகிற வாழ்க்கையில் படகு ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். பாயைச் சரியாக இழுத்துக் கட்டாவிட்டால் வேகத்தில் அரை நாட் (மணிக்கு அரை கடல் மைல்) குறையும், அதோடு போயிற்று. நங்கூரம் பிடிக்காவிட்டால், எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது படகு கரைப் பாறையில் போய் உட்கார்ந்துவிடும்.

நங்கூரம் போடுவது வேறு, அது பிடித்துவிட்டது என்று சோதித்துத் தெரிந்துகொள்வது வேறு. முதல் வேலையை எல்லாரும் செய்கிறார்கள். இரண்டாவது வேலைக்கு மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம் ஆகும், அதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை.

எடை பிடிப்பதில்லை, மண்தான் பிடிக்கிறது

12 மீட்டர் நீளமுள்ள படகு ஒன்றின் எடை எட்டு, பத்து டன் இருக்கும். அதன் அணியத்தில் (முன்முனையில்) தொங்குகிற நங்கூரம் 20 கிலோ, மிஞ்சினால் 25 கிலோ. இவ்வளவு பெரிய படகை அந்த 25 கிலோ தன் எடையால் நிறுத்த முடியாது என்பது பார்த்தாலே தெரிகிறது. அதன் கொழு, அதாவது மண்ணைக் கிழிக்கும் அலகு, மண்ணுக்குள் புதைந்து, மேலே கிடக்கிற மண்ணையும் சேர்த்துக்கொண்டு முரண்டுபிடிப்பதால்தான் படகு நிற்கிறது. அது புதைய வேண்டுமானால் இழுவை தரையோடு தரையாக, கிடைமட்டமாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். காலையில் கிளம்பும்போது அதை எடுப்பதும் அப்படி மேல்நோக்கி இழுத்துத்தானே.

அதனால்தான் சங்கிலியை ஆழத்தைவிடப் பல மடங்கு நீளமாக விடுகிறோம். முழுக்கச் சங்கிலி என்றால் சாதாரணக் காற்றுக்கு ஐந்து மடங்கு, கொஞ்சம் சங்கிலியும் மீதி கயிறும் என்றால் ஏழு மடங்கு என்பது பொதுவான கணக்கு. லேசான காற்றில் சங்கிலியின் எடையே அதைத் தொய்வாகத் தரையில் படுக்கவைக்கும், பாதிச் சங்கிலி அசையவே அசையாது. இதைப் பார்த்துவிட்டுத்தான் சிலர், சங்கிலி கனமாக இருந்தால் போதும், நீளம் எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 15 நாட் காற்று 30 ஆனால் படகின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அப்போது சங்கிலி கம்பி போல விறைத்து நிற்கும், தொய்வு என்று எதுவும் மிச்சமிருக்காது. அந்த நிலையில் இழுவைக் கோணத்தைத் தீர்மானிப்பது நீளமும் ஆழமும் மட்டும்தான். மூன்று மடங்கு விட்டிருந்தால் சங்கிலி தரையிலிருந்து சுமார் 19 டிகிரி தூக்கி இழுக்கும், ஐந்து மடங்கில் 11 அல்லது 12, ஏழில் 8, பத்தில் 6-க்குச் சற்றுக் குறைவு. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனால் நிறைய லாபம், ஏழிலிருந்து பத்துக்குப் போனால் கொஞ்சம்தான் லாபம் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனாலும் இடம் இருக்கிறது, புயல் வருகிறது என்றால் பத்து மடங்கு விடுங்கள். பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிற சங்கிலியால் யாருக்கும் பயனில்லை.

மடங்கு என்றால் எதன் மடங்கு? இங்கேதான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. டெப்த் சவுண்டர் (ஆழம் காட்டும் கருவி) காட்டுகிற எண்ணை ஐந்தால் பெருக்கினால் போதாது. முதலில் உங்கள் சவுண்டர் எங்கிருந்து அளக்கிறது என்று தெரிய வேண்டும்: நீர்மட்டத்திலிருந்தா, சென்ஸார் இருக்கும் இடத்திலிருந்தா, கீலின் (படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின்) அடியிலிருந்தா? மூன்றில் எதற்கு வேண்டுமானாலும் செட் செய்யலாம், படகை வாடகைக்கு எடுத்திருந்தால் கேட்காமல் ஊகிக்காதீர்கள். அப்புறம் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவது. இப்போது 4 மீட்டர் ஆழம், இரவில் ஓதம் இன்னும் 2 மீட்டர் ஏறும், அணியத்தில் சங்கிலி ஓடுகிற ரோலர் தண்ணீருக்கு மேலே 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் கணக்குக்கு ஆழம் 7.2 மீட்டர். ஐந்து மடங்கு 36 மீட்டர். வெறும் நாலை ஐந்தால் பெருக்கி 20 மீட்டர் விட்டவர் உச்ச ஓதத்தில் மூன்று மடங்குக்கும் குறைவான சங்கிலியில் நின்றுகொண்டிருப்பார், அவருக்கே அது தெரியாது.

வற்றும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே இடத்தில் ஓதம் இப்போதைய மட்டத்திலிருந்து 2.5 மீட்டர் வற்றும் என்றால் மிஞ்சுவது ஒன்றரை மீட்டர். உங்கள் கீல் நீர்மட்டத்துக்குக் கீழே 1.8 மீட்டர் இறங்கியிருந்தால் படகு தரைதட்டிச் சாய்ந்துவிடும். ஆக, சங்கிலி நீளத்துக்கு உச்ச ஓதம், கீலுக்குக் கீழே தண்ணீர் இருக்குமா என்பதற்குத் தாழ்ந்த ஓதம். இரண்டையும் அட்டவணையில் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நங்கூரம்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துறைமுகத்தில் சண்டையே வந்துவிடும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலப்பை வடிவ சி.க்யூ.ஆர். நங்கூரத்துக்கு இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1933-ல் காப்புரிமை பெற்றார், பல பத்தாண்டுகள் க்ரூஸிங் படகுகளில் அதுதான் ராஜா. டான்ஃபோர்த் என்ற தட்டையான இரட்டைக் கொழு நங்கூரம் மணலிலும் சேற்றிலும் எடைக்கு மீறிப் பிடிக்கும், ஆனால் காற்று திரும்பிப் படகு மறுபக்கம் இழுத்தால் பிடுங்கிக்கொண்டு, திரும்பப் புதையாமல் போக வாய்ப்புண்டு. புரூஸ் என்ற வகை நகம் போல வளைந்தது, சட்டென்று புதையும், ஆனால் அதே எடையுள்ள மற்றவற்றைவிடப் பிடிமானம் குறைவு. இப்போது வருகிற ரோக்னா, ஸ்பேட், மேன்ஸன் வகைகளுக்குக் குழிந்த கூர்முனைக் கொழு. சிலவற்றில் முதுகில் ஒரு வளையக் கம்பி உண்டு, நங்கூரம் தலைகீழாக விழுந்தாலும் அது புரட்டிச் சரியான பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

புதிதாக வாங்குவதென்றால் குழிந்த கொழு வகையில் ஒன்றை வாங்குங்கள், தயாரிப்பாளர் உங்கள் படகு நீளத்துக்குச் சொல்லும் அளவைவிட ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். சிறியதாக இரண்டு போடுவதைவிடப் பெரியதாக ஒன்று போடுவது மேல் என்பது என் கட்சி. இரண்டு நங்கூரம் போட்டுவிட்டு இரவில் படகு நாலு சுற்றுச் சுற்றினால் சங்கிலியும் கயிறும் பின்னிக்கொள்ளும், அதை அவிழ்ப்பதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

இடம் பார்ப்பது

கடல் வரைபடத்தில் தரை எது என்று எழுத்துகள் போட்டிருப்பார்கள். எஸ் என்றால் மணல், எம் என்றால் சேறு, ஆர் என்றால் பாறை, டபிள்யூ-டி என்றால் பாசி. மணலும் கெட்டியான சேறும் நல்லவை. பாறையில் நங்கூரம் இடுக்கில் மாட்டினால் மாட்டும், இல்லாவிட்டால் உருளும், மாட்டினால் வெளியே வராது. பாசி மோசம். கொழு பாசியை ஒரு கத்தையாக அள்ளிக்கொண்டு, அடியில் உள்ள மண்ணைத் தொடாமலே சறுக்கிக்கொண்டு வரும். தெளிந்த தண்ணீரில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் பாசி அல்லது பாறை, வெளிர்நிறத் திட்டு மணல், அந்தத் திட்டின் நடுவில் போடுங்கள். பவளத்தின் மேலும் கடல் புல்வெளியின் மேலும் போடவே கூடாது, பல இடங்களில் சட்டமே தடுக்கிறது. மத்தியதரைக் கடலில் பொஸிடோனியா புல்வெளிகளில் நங்கூரமிட்டால் அபராதம் போடுகிற பகுதிகள் உண்டு.

அந்தக் காலத்து மாலுமிகள் ஆழம் பார்க்கும் ஈயக் குண்டின் அடியில் ஒரு குழி வைத்து அதில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள், மேலே இழுத்தால் அடியில் இருப்பது மணலா சேறா சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். இன்றும் வரைபடத்தில் சந்தேகம் வந்தால் இது வேலை செய்யும், ஒரு குண்டும் கொஞ்சம் கிரீஸும் போதும்.

அடுத்தது காற்று. இப்போது எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைவிட, விடிவதற்குள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் கேள்வி. முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்று உங்களைக் கரையை நோக்கித் தள்ளுகிற இடமாக இருக்கக் கூடாது. 1982 டிசம்பரில் மெக்ஸிகோவின் காபோ சான் லூகாஸில் நடந்தது இதற்குப் பாடம். கரைக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக நிறையப் பாய்ப்படகுகள் நின்றன. இரவில் காற்று கடல் பக்கமிருந்து திரும்பி அடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் கரையில் கிடந்தன. பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெஸியே தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா என்ற எஃகுப் படகும் அதில் ஒன்று. அவருக்கு அனுபவம் போதாது என்று யாராலும் சொல்ல முடியாது. காற்று திரும்பினால் வெளியேற வழி எது, இருட்டில் அந்த வழியில் போக முடியுமா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து, திசைகாட்டி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் நிற்கிற படகுகளையும் கவனிக்க வேண்டும். காற்று மாறும்போது ஒவ்வொரு படகும் தன் நங்கூரத்தை மையமாக வைத்து வட்டம் போடும். எல்லாரும் ஒரே அளவு சங்கிலி விட்டிருந்தால் எல்லாரும் சேர்ந்து திரும்புவார்கள், பிரச்சினை இல்லை. கயிற்றில் நிற்கிறவர், கீல் இல்லாத மோட்டார் படகு, இரட்டை உடல் கொண்ட கட்டமரான் இவையெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஆடும். சந்தேகம் இருந்தால் பக்கத்துப் படகுக்காரரிடமே எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள், நங்கூரம் எங்கே கிடக்கிறது என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் வந்தவருக்குத்தான் உரிமை, பிறகு வந்தவர்தான் இடம் மாற வேண்டும். இது கடலில் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொண்ட வழக்கம்.

இறக்குவதற்கு முன்

சங்கிலியில் 5 மீட்டருக்கோ 10 மீட்டருக்கோ ஒரு அடையாளம் வேண்டும். பெயின்ட் அடிக்கலாம், வண்ணப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண்ணிக்குள் செருகலாம், எதுவாக இருந்தாலும் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். சங்கிலியின் கடைசி முனையைப் படகோடு ஷாக்கிள் (இரும்புக் கொளுவி) போட்டு மாட்டாதீர்கள், ஒரு கயிற்றால் கட்டுங்கள். அந்தக் கயிறு, சங்கிலி முழுக்க ஓடிய பிறகு மேல்தளத்துக்கு எட்டுகிற நீளம் இருக்க வேண்டும். அவசரத்தில் சங்கிலியைக் கைவிட்டுவிட்டு ஓட வேண்டி வந்தால் கத்தியால் ஒரே வெட்டு, அவ்வளவுதான்.

அணியத்தில் ஒருவர், சுக்கானில் ஒருவர் என்றால் இரண்டு பேருக்கும் நடுவே எஞ்சின் சத்தமும் காற்றும் இருக்கும், கத்தினால் கேட்காது. கேட்காததால் இன்னும் சத்தமாகக் கத்துவார்கள், பக்கத்துப் படகுகளில் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கைச்சாடை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: முன்னே நீட்டினால் முன்னே, பின்னே காட்டினால் பின்னே, மூடிய கை என்றால் நியூட்ரல், பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. ஐந்தாறு சாடை போதும். அணியத்தில் நிற்பவர் செருப்பில்லாமல் நிற்கக் கூடாது, சங்கிலி வளையத்துக்குள் கால் வைக்கவே கூடாது, தலைமுடியும் தளர்ந்த துணியும் விண்ட்லாஸ் (சங்கிலியைச் சுற்றி இழுக்கும் கருவி) பக்கம் போகக் கூடாது.

இறக்குதல்

காற்றை எதிர்த்து மெதுவாக வாருங்கள், மற்ற படகுகள் எந்தப் பக்கம் அணியத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றனவோ அதே பக்கம் பார்த்து. காற்றைவிட நீரோட்டம் பலமாக இருந்தால் நீரோட்டத்தை எதிர்த்துத்தான் படகுகள் நிற்கும், அதையும் அவைதான் காட்டிக்கொடுக்கும். நங்கூரம் விழ வேண்டிய இடத்துக்கு மேலே வந்ததும் படகை முழுக்க நிறுத்துங்கள். நின்றுவிட்டதா என்று கரையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

நின்றதும் நங்கூரத்தைத் தரை தொடும்வரை மட்டும் இறக்குங்கள். தரை தொட்டதும் சங்கிலியின் இழுப்பு சட்டென்று தளரும். அந்த நொடியிலேயே ஜி.பி.எஸ். கருவியில் நங்கூர அலாரம் பொத்தானை அழுத்திவிடுங்கள், வட்டத்தின் மையம் நங்கூரமாக இருக்க வேண்டும், பிறகு படகு போய் நிற்கிற இடமாக இருக்கக் கூடாது. இப்போது காற்று அணியத்தைப் பின்னுக்குத் தள்ளும். தள்ளுகிற வேகத்துக்கு ஏற்பச் சங்கிலியை விடுங்கள், காற்றே இல்லையென்றால் ரிவர்ஸில் மெதுவாக. மொத்தச் சங்கிலியையும் கடகடவென்று ஒரே இடத்தில் குவித்துவிட்டால் அது நங்கூரத்தின் மேலேயே விழுந்து தண்டிலும் கொழுவிலும் சுற்றிக்கொள்ளும், அப்படிச் சுற்றிய நங்கூரம் ஒரு நாளும் புதையாது.

மூன்று மடங்கு போனதும் ஒரு தடவை லேசாகப் பிடித்து நிறுத்துங்கள். அணியம் காற்றுப் பக்கம் திரும்பி நேராக நின்றால் நங்கூரத்தின் முனை மண்ணைக் கவ்விவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மீதியை விட்டுக் கணக்குப்படியான நீளத்துக்கு வாருங்கள்.

சோதனை

சங்கிலியின் பளு இனிமேல் விண்ட்லாஸ் மேல் விழக் கூடாது. அது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. சங்கிலித் தடுப்பைப் போடுங்கள், அல்லது சங்கிலியின் பளுவைத் தாங்கும் ஸ்னப்பர் கயிற்றைக் கட்டிக் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) மாட்டுங்கள். பிறகு எஞ்சினை ரிவர்ஸில் ஐட்லிங்கில் வைத்து அரை நிமிடம் விடுங்கள். சங்கிலி மெல்ல விறைக்கும். அதன் பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, வழக்கமாக ஓட்டுகிற சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்கு வரை கொண்டுபோய், ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் இழுக்காதீர்கள், புதைய நேரம் கொடுக்காமல் பிடுங்கிவிடுவீர்கள். கொழகொழவென்ற சேற்றில் கால் மணி நேரம் நங்கூரத்தைச் சும்மா கிடக்கவிட்டு, அது தானாக அமிழ்ந்த பிறகு இழுப்பது நல்லது.

இழுத்துக்கொண்டிருக்கும்போது அணியத்தில் இருப்பவர் சங்கிலியின் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைக்க வேண்டும், விரலைச் சுற்றக் கூடாது. பிடித்திருந்தால் சங்கிலி விறைப்பாக, அமைதியாக இருக்கும். நங்கூரம் இழுபட்டுக்கொண்டிருந்தால் கையில் கரகரவென்று ஒரு அதிர்வு வரும், நடுநடுவே தடக் தடக் என்று உதறும். விறைத்தது திடீரென்று தொய்யும், மறுபடி விறைக்கும். ஒருமுறை கையில் உணர்ந்துவிட்டால் அந்தக் கரகரப்பை மறக்கவே முடியாது.

சுக்கானில் இருப்பவர் அதே நேரத்தில் பக்கவாட்டில் கரையைப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வருகிற இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள், கரையோர மரம் ஒன்று, அதற்குப் பின்னால் குன்றின் மேல் ஒரு வீட்டு மூலை. எஞ்சின் பின்னுக்கு இழுத்தும் இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் படகு நகரவில்லை. கிட்டே இருக்கும் மரம் மெல்ல அணியப் பக்கமாக நகர்ந்து வீட்டைவிட்டு விலகினால் நீங்கள் பின்னே போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஜி.பி.எஸ்.ஸைவிட இது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

பிடிக்கவில்லையா? எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். கொஞ்சம் சங்கிலி கூடுதலாக விட்டுப் பார்க்கலாம், ஒரு தடவை. அதற்கும் பிடிக்கவில்லை என்றால் கொழுவில் பாசியோ பழைய கயிறோ மாட்டியிருக்கும், மேலே எடுத்துப் பார்க்காமல் சரியாகாது. மூன்று தடவை போட்டும் பிடிக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். தண்ணீர் தெளிவாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கி நேரிலேயே பார்த்துவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம். கொழு முழுக்க மறைந்து தண்டின் பின்முனை மட்டும் தெரிந்தால் அன்றைய தூக்கத்துக்கு நான் உத்தரவாதம். பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால் மேலே ஏறி மறுபடி எஞ்சினைப் போடுங்கள்.

எஞ்சினை அணைத்த பிறகு

ஸ்னப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சங்கிலி நீளாது. காற்று வீசி வீசி அடிக்கும்போது விறைத்த சங்கிலி ஒவ்வொரு அதிர்ச்சியையும் அப்படியே நங்கூரத்துக்கும் அணியத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். நைலான் கயிறு நீளும். அதனால் எட்டு, பத்து மீட்டர் நைலான் கயிற்றைச் சங்கிலியில் உருள்முடிச்சுப் போட்டோ கொக்கி மாட்டியோ இணைத்து, மறுமுனையை அணியத்துக் கிளீட்டில் கட்டிவிட்டு, பளு கயிற்றில் விழும்வரை சங்கிலியை இன்னும் கொஞ்சம் விட வேண்டும். நடுவில் சங்கிலி தொய்வாகத் தொங்கும். 12 மீட்டர் படகுக்கு 12 அல்லது 14 மில்லிமீட்டர் கயிறு போதும். பலமாக இருக்கட்டும் என்று தடிமனாகப் போட்டால் அது நீளாது, போட்டதே வீண். கயிறு ரோலரிலோ துளை விளிம்பிலோ உரசும் இடத்தில் பழைய குழாய்த் துண்டோ கெட்டித் துணியோ சுற்றுங்கள், ஒரே இரவு உரசலில் நைலான் அறுந்துபோகும். ஸ்னப்பர் போட்டால் கூடுதல் லாபம், சங்கிலி பாறையில் உரசும் கறமுற சத்தம் முன்னறையில் தூங்குபவர் காதுக்கு எட்டாது.

கடலில் மோதல் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளில் 30-வது விதி நங்கூரத்தில் நிற்கும் கலங்களுக்கானது. பகலில் முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து, இரவில் 50 மீட்டருக்குக் குறைந்த கலம் என்றால் நாலாப்பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு. ரப்பர் படகில் இருட்டில் வருகிறவர் அண்ணாந்து பாய்மர உச்சியைப் பார்க்க மாட்டார், அதனால் உச்சி விளக்கோடு சேர்த்து மேல்தளத்தில் தாழ்வாகவும் ஒரு சிறிய விளக்கை வைப்பது என் பழக்கம்.

அலாரத்தின் வட்டத்துக்கு ஆரம் எவ்வளவு வைப்பது? விட்ட சங்கிலி, படகின் நீளம், அதற்கு மேல் பத்து மீட்டர். 36 மீட்டர் சங்கிலியும் 12 மீட்டர் படகும் என்றால் 58 அல்லது 60. குறைத்து வைத்தால் படகு லேசாக ஆடினாலே கத்தும், இரண்டு தடவை கத்தினதும் யாராவது எரிச்சலில் அணைத்துவிடுவார்கள். அணைத்த அலாரம் எதற்கு?

இரவில் இழுபட்டால்

முதல் அறிகுறி பெரும்பாலும் சத்தமல்ல, அசைவு. நங்கூரத்தில் நிற்கும் படகு அணியத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடும். இழுபடும் படகு பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு போகும், அலை பக்கத்தில் அறையும், படுக்கையில் இருந்தபடியே வித்தியாசம் தெரியும்.

எழுந்ததும் முதல் வேலை எஞ்சின். ஸ்டார்ட் செய்வதற்கு முன் தண்ணீரில் ஏதாவது கயிறு தொங்குகிறதா, ரப்பர் படகின் கயிறு பின்னால் கிடக்கிறதா என்று பாருங்கள், அது புரொப்பெல்லரில் சுற்றினால் எஞ்சினும் போய்விடும். பின்னால் இடம் இருந்தால் இன்னும் இருபது மீட்டர் சங்கிலி விட்டுப் பார்க்கலாம், பல தடவை அதிலேயே மறுபடி கவ்விவிடும். இடம் இல்லையென்றால் எஞ்சினை மெதுவாக முன்னே போட்டுச் சங்கிலியின் பளுவைக் குறைத்துக்கொண்டு, நங்கூரத்தை எடுத்து வேறு இடத்தில் போடுங்கள், அல்லது பகலில் எழுதி வைத்த திசைகாட்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். ஆழமான கடலில் தூக்கமில்லாமல் ஒரு இரவு ஓடுவது கஷ்டம்தான், கரைப் பாறையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எடுக்கவே நேரமில்லை என்றால் சங்கிலி முனையில் ஒரு மிதவையைக் கட்டி, அந்தக் கயிற்றை வெட்டிவிட்டுப் போங்கள். காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

எடுப்பது

காலையில் கிளம்பும்போது விண்ட்லாஸால் படகை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். எஞ்சினில் மெதுவாக முன்னே போங்கள், தளர்ந்து வருகிற சங்கிலியை மட்டும் விண்ட்லாஸ் சுற்றட்டும். அணியத்தில் இருப்பவர் சங்கிலி எந்தப் பக்கம் போகிறது என்று கையால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சார விண்ட்லாஸ் ஏகத்துக்கு மின்சாரம் குடிக்கும், எஞ்சின் ஓடும்போதே அதை இயக்குங்கள்.

சங்கிலி செங்குத்தாக வந்ததும் கட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். அலை படகைத் தூக்கும்போதெல்லாம் நங்கூரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். வரவில்லை என்றால் அதற்கு மேலேயே மெதுவாக முன்னே ஓட்டி, இழுத்த திசைக்கு நேர் எதிராக இழுத்துப் பாருங்கள். அடுத்தவர் சங்கிலியில் மாட்டியிருந்தால் அதை மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து, அவர் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்து இரண்டு முனையையும் படகில் கட்டிக்கொள்ளுங்கள். பளு கயிற்றுக்கு மாறியதும் உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் அது கழன்றுகொள்ளும், பிறகு கயிற்றின் ஒரு முனையை விட்டுவிட்டால் அவர் சங்கிலி கீழே போய்விடும். கையால் தூக்கிக் கழற்றப் பார்க்காதீர்கள், விரல் போய்விடும். பாறையோ குப்பையோ நிறைந்த தரை என்று முன்பே தெரிந்தால் நங்கூரத்தின் தலைப்பக்கத்தில் ஒரு தனிக் கயிறு கட்டி மிதவையோடு விட்டிருக்கலாம், அதைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் மாட்டியது வந்துவிடும்.

கொழுவில் ஒட்டி வருகிற மண்ணைக் கழுவுவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள். நேற்று வரைபடம் மணல் என்று சொன்ன இடத்தில் நீலச் சேறு வந்தால் குறிப்பேட்டில் எழுதுங்கள், அடுத்த முறை வரும்போது உதவும். மேலே வந்ததும் நங்கூரத்தை ரோலரில் முள் போட்டுப் பூட்டி, கூடவே ஒரு கயிற்றாலும் இறுக்கிக் கட்டிவிட்டு அப்புறம் பாயை ஏற்றுங்கள். வெளியே அலை பெரிதானால் கட்டாத நங்கூரம் குதித்துக் குதித்து அணியத்தையே இடித்துக்கொண்டிருக்கும், அந்த ஆட்டத்தில் முன்னே போய் அதைக் கட்ட யாருக்கும் பிடிக்காது.